பழுப்பு ஸ்டிக்கர்

எங்களிடம் கருத்துக் கேட்க வந்திருந்தார்கள். இந்த ஊரில் கட்டிய மனைவியிடம்கூட எவனும் கருத்துக் கேட்டது கிடையாது. அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு வேன் நிறைய ஆட்கள், அட்டை, பசை, கலர் பேனா, பிஸ்கட் பொட்டலம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கி, "உங்களுக்கு என்ன வேணுமோ சொல்லுங்க, நீங்க சொல்றதைத்தான் நாங்க கட்டப்போறோம்" என்றார்கள். நான் தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே சிரித்துவிட்டேன். நல்ல வேளை, ஊசி விரலில் ஏறவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் பழைய கடைத்தெருவை இடித்துவிட்டு அந்த இடத்தில் புது நகர மையம் கட்டப்போகிறார்கள். நடுவில் திறந்த சதுக்கம், சுற்றிலும் கடைகள், நிழலுக்கு மரம், உட்கார பெஞ்சு. இப்போது இருக்கிற கடைக்காரர்களுக்கு அதே வரிசையில் புதுக் கடை கிடைக்கும். ஆனால் எது எங்கே வர வேண்டும் என்பதை மக்களே முடிவு செய்ய வேண்டும் என்று மேலிடத்தில் யாரோ சொல்லிவிட்டார்களாம். அதை நடத்திக் கொடுக்க ஓர் அம்மாள் வந்திருந்தார். அவருக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் 'பங்கேற்பு' என்று சொல்லாமல் அவரால் ஒரு பேச்சை முடிக்க முடியாது. அதனால் முதல் நாள் மத்தியானத்துக்குள் எங்கள் தெருவுக்கு அவர் பங்கேற்பு மேடம் ஆகிவிட்டார். கழுத்தில் பெரிய பெரிய மணி, கையில் எந்நேரமும் ஒரு தண்ணீர் பாட்டில். சட்டையின் ஓரம் தைக்காமல் நூல் பிரிந்து தொங்கியது. அது பிரிந்துபோனதில்லை, ஃபேஷன் என்று மருந்துக்கடைக்காரி எனக்கு விளக்கினாள். மடித்துத் தைக்காததற்கும் காசு வாங்குகிறான் என்றால், அந்தத் தையல்காரனை நான் கும்பிடுகிறேன்.

சிரித்தேனே தவிர, எனக்கு அந்த மையத்தில் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. மரமும் வேண்டாம், பெஞ்சும் வேண்டாம். பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும். அதுவும் என் அக்காவுக்காக.

அக்கா தெருவின் அந்தக் கோடியில் டீக்கடை வைத்திருக்கிறாள். இந்தக் கோடியில் நான். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஊருக்கே டீ ஆற்றிக் கொடுக்கிறவள், தன் வாயில் ஒரு சொட்டு விடமாட்டாள். தண்ணீர்கூட வாய் கொப்பளித்துத் துப்பத்தான். குடித்தால் போக வேண்டுமே, எங்கே போவது? நகராட்சி கட்டிய கழிப்பறை குழாய் உடைந்து மூடப்பட்டு, இப்போது யாரோ அதில் சிமென்ட் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். ஆண்களுக்குக் கவலையில்லை. சுவர் இருக்கிற ஊரில் ஆண்களுக்கு என்ன கவலை? எங்களுக்கு இருந்த ஒரே கதி மெத்தைக்கடைக்குப் பின்னால் இருந்த ஒரு பொந்து. அதன் சாவி கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அந்தச் சாவியைக் கேட்டுப் போனால் மெத்தைக்கடைக்காரர் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, கடையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "அவசரமா?" என்பார். இல்லையய்யா, சாவியைப் பார்த்து ரசித்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம்! அவர்தான் எங்கள் வியாபாரிகள் சங்கத் தலைவர்.

போன மழைக்காலத்தில் அக்காவுக்குக் குளிர்ஜுரம் வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு டீக்கடை பெஞ்சிலேயே சுருண்டுவிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டரம்மா என்னைத்தான் திட்டினார். "வருஷக்கணக்கா தண்ணி குடிக்காம, வந்ததையும் அடக்கி அடக்கி வெச்சிருக்காங்க. கிட்னி வரைக்கும் சீழ் ஏறியிருக்கு. இந்தத் தடவை தப்பிச்சாச்சு. இன்னொரு தடவை இப்படி வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. கடையை மூடுங்க, இல்லேன்னா கடைப்பக்கத்துல ஒரு வழி பண்ணுங்க."

கடையை எப்படி மூடுவது? வீடு இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். அந்த வீட்டில் மாமா முதுகுவலி என்று படுத்தவர் படுத்தவர்தான். கிரிக்கெட் பார்க்க மட்டும் அந்த முதுகு நிமிர்ந்து உட்காரும். அக்கா டீ ஆற்றினால்தான் அங்கே அடுப்பு எரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரமே கடையைத் திறந்துவிட்டாள். மறுபடியும் அதே கதைதான்.

அதனால் நான் கிளம்பினேன். தெருவில் கடை வைத்திருக்கிற, கடைகளில் வேலை பார்க்கிற பெண்கள் ஒருத்தி விடாமல் போய்ப் பார்த்தேன். "மரம், மட்டைன்னு எதையாவது கேட்டுட்டு வராதீங்கடி. எல்லாரும் ஒரே குரலா கழிப்பறை கேக்கணும்." எல்லோரும் தலையை ஆட்டினார்கள். மருந்துக்கடைக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "டெய்லரக்கா, நீங்க சொல்லித்தான் செய்யணுமா? எனக்கே வயித்துவலி தாங்கலை" என்றாள். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்துவிட்டது. இந்த ஊர் ஆட்களை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

கூட்டம் ஒரு விடுமுறை நாளில் பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. நடுவில் பெரிய மேஜை. அதன்மேல் வெள்ளை அட்டையில் வெட்டி ஒட்டிய எங்கள் புது மையம். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஒவ்வொரு கடைமேலும் யார் கடை என்று எழுதியிருந்தார்கள். விரல் நக அளவுக்குக் குட்டிக் குட்டியாக அட்டை மனிதர்கள் சதுக்கத்தில் நின்றார்கள். ஒருத்தர் கையிலும் பை இல்லை, ஒருத்தருக்கும் வயசாகவில்லை, ஒருத்தருக்கும் வியர்க்கவில்லை. அப்படிப்பட்ட ஆட்கள் எங்கிருந்து வந்து எங்கள் மெத்தைக்கடையில் மெத்தை வாங்கப்போகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

ஆளுக்கு ஒரு ஸ்டிக்கர் தாள் கொடுத்தார்கள். பச்சை வட்டம் மரம், நீலம் பெஞ்சு, மஞ்சள் விளக்கு. பழுப்பு கழிப்பறை. கழிப்பறைக்குப் பழுப்பு நிறம்தான் பொருத்தம் என்று கண்டுபிடிக்க எத்தனை பேர் உட்கார்ந்து யோசித்தார்களோ! எது எங்கே வேண்டுமோ, மேஜைக்குப் போய் அந்த இடத்தில் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. கவுன்சிலர் எழுந்து, சதுக்கத்தின் நடுவில் தன் அப்பா பெயரில் ஒரு நீரூற்று வரப்போகிறது, அதற்கு மட்டும் ஸ்டிக்கர் தேவையில்லை, அது ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, மக்கள் ஆட்சியைப் பற்றி நெடுநேரம் பேசினார்.

பிறகு ஒட்டினார்கள். நான் என் பழுப்பு வட்டத்தை எடுத்துக்கொண்டு நேராகப் போய், மெத்தைக்கடை வாசலில், நட்ட நடு வாசலில், கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினேன். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எனக்கு அப்படி ஒரு குளிர்ச்சி.

எல்லோரும் ஒட்டி முடித்த பிறகு மேஜையைச் சுற்றி வந்து பார்த்தேன். சொன்ன சொல் தவறவில்லை. மரத்தைவிட, பெஞ்சைவிட, விளக்கைவிடப் பழுப்புதான் அதிகம். பெண்கள் மட்டுமில்லை, ஆண்களும் ஒட்டியிருந்தார்கள். பங்கேற்பு மேடத்துக்கு வாயெல்லாம் பல். ஆனால் அது எங்கே எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

மருந்துக்கடைக்காரி போட்டோ ஸ்டூடியோ வாசலில் ஒட்டியிருந்தாள். ஸ்டூடியோக்காரர் மருந்துக்கடை வாசலில். செருப்புக்கடை பாத்திரக்கடையில் ஒட்ட, பாத்திரக்கடை போய் அரிசிக்கடையில் ஒட்டியிருந்தது. தலைவர் தன் பங்குக்கு அக்காவின் டீக்கடையில் ஒட்டியிருந்தார். எல்லோருக்கும் கழிப்பறை வேண்டும். ஆனால் ஒருத்தருக்காவது தன் கடைப்பக்கம் வேண்டும்? மூச்! எவன் வாசலாவது நாறட்டும், நம் வாசல் மணக்கட்டும். இதற்குத்தான் நான் வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கினேன்.

என் கடை வாசல் மட்டும் சுத்தமாக இருந்தது. என் வாய்க்குப் பயந்து ஒருத்தரும் அந்தப் பக்கம் வரவில்லை. அதில் எனக்கு ஒரு கர்வம்கூட வந்தது. குனிந்து உற்றுப் பார்த்தேன். கர்வம் போய்விட்டது. வாசலில் இல்லை, பக்கத்துச் சுவர் ஓரமாக, பதுங்கினாற்போல் ஒரே ஒரு பழுப்பு வட்டம்.

"எவன்டா அது?" என்று நான் கத்தினேன். அதே நேரத்தில் தலைவரும் தன் வாசலைப் பார்த்துவிட்டார். அங்கே கும்பலாக ஒட்டியிருந்தது. சாவிக்குக் கை நீட்டிய பெண்கள் பலர் அங்கே கணக்குத் தீர்த்திருந்தார்கள். அவர் நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்து, எடுத்ததைக் கொண்டுபோய் ஸ்டூடியோவில் அப்பினார். ஸ்டூடியோக்காரர் அவர் சட்டைக் கையைப் பிடித்தார். மேடம் குறுக்கே பாய்ந்து, "சார், சார், பிரிக்கக் கூடாது! அதெல்லாம் தரவு!" என்று கெஞ்சினார்.

"தரவா? என் வாசல்ல பண்ணிவெச்சிருக்கிற அசிங்கம்மா இது!" என்றார் தலைவர்.

அந்தச் சண்டையைக்கூட மேடத்தின் ஆட்கள் படம் பிடித்தார்கள். சட்டை கிழிகிற அளவுக்குப் போன பிறகு மேடம் மைக்கைப் பிடித்து, இவ்வளவு ஆழமான பங்கேற்பைத் தான் எந்த ஊரிலும் கண்டதில்லை என்றார்.

என் சுவரில் ஒட்டியது ஸ்டூடியோக்காரர்தான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அவருக்கும் எனக்கும் ஒரு பழைய பேன்ட் தகராறு உண்டு. அதனால் அடுத்து அவர் கீழ் மடிக்கக் கொடுத்த பேன்ட்டில் ஒரு காலை மட்டும் ஒரு விரல்கடை தூக்கித் தைத்துக் கொடுத்தேன். ஏதோ ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறோமோ என்று சந்தேகப்பட்டு அவர் எலும்பு டாக்டரிடம் போய்வந்ததாகக் கேள்வி.

இரண்டாவது கூட்டம் அதே ஹாலில். இந்தத் தடவை மேடத்தோடு ஒரு வழுக்கைத்தலை சார் லேப்டாப்போடு வந்திருந்தார். ஸ்டிக்கர்களை எல்லாம் கம்ப்யூட்டருக்குள் ஏற்றியாகிவிட்டது, யாருக்கும் பாரபட்சம் இல்லாமல் எல்லோருடைய விருப்பத்துக்கும் பொதுவான நடு இடத்தை அதுவே கண்டுபிடித்திருக்கிறது என்றார். திரையில் மையத்தின் படம் வந்தது. பச்சைப் புள்ளி ஒன்று, நீலப் புள்ளி ஒன்று. பிறகு பழுப்புப் புள்ளி வந்து உட்கார்ந்தது.

சதுக்கத்துக்கு நட்ட நடுவில். கவுன்சிலருடைய அப்பாவின் நீரூற்றுக்கு மேல்.

பின்னே எங்கே வரும்? ஆளாளுக்குச் சுற்றியிருக்கிற அடுத்தவன் வாசலில் ஒட்டினால், எல்லாவற்றுக்கும் நடு அங்கேதானே! ஹாலே கூரை அதிரச் சிரித்தது. கவுன்சிலர் முகத்தில் ஈயாடவில்லை. லேப்டாப் சார் மட்டும் சிரிக்காமல், "மக்கள் விருப்பப்படி பார்த்தா இதுதான் சரியான இடம்" என்று திரும்பவும் சொன்னார். அப்பாவியா, அகராதி பிடித்தவரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கவுன்சிலர் எழுந்தார். "இதுல இவ்வளவு கருத்து வேறுபாடு இருக்கறதால, கழிப்பறையை இரண்டாம் கட்டத்துல பாத்துக்கலாம்" என்றார். மேடமும் ஏதோ எழுதிக்கொண்டு, "சரி, இரண்டாம் கட்டம்" என்றார். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் பஸ் நிறுத்தத்துக்கு ஒரு கூரை வருவதாகச் சொன்னார்கள். அது இன்னும் இரண்டாம் கட்டத்தில்தான் இருக்கிறது. எல்லோரும் கைதட்டினார்கள். எதற்குத் தட்டினோம் என்று ஒருத்தருக்கும் தெரியாது. பக்கத்தில் அக்காவைப் பார்த்தேன். அவளும் தட்டிக்கொண்டிருந்தாள், ஒரு கையால் இடுப்பை அமுக்கிக்கொண்டு, மறு கையால் தொடையில். அவள் கால் வீங்கியிருந்தது. எனக்கு அழுகை முட்டியது. அழுதால் இந்தக் கும்பலுக்கு அது ஒரு வேடிக்கை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

டீ இடைவேளையில் மேடம் என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "இங்கே ரெஸ்ட் ரூம் எங்கே இருக்கு?" என்றார். காலையிலிருந்து அந்தப் பாட்டிலை எத்தனை தடவை நிரப்பிக் குடித்தாரோ! பள்ளிக்கூடத்துக் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. விடுமுறை என்பதால் வாட்ச்மேன் சாவியோடு ஊருக்குப் போய்விட்டார். மேடத்தின் முகத்தில் அந்தக் கலக்கத்தைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொன்னால் பாவம். ஆனாலும் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷம்.

"வாங்க மேடம், எங்க ஏற்பாட்டைக் காட்டறேன்" என்று கூட்டிப் போனேன்.

தலைவர் எங்களுக்கு முன்பே கடைக்குத் திரும்பி, கல்லாவில் உட்கார்ந்திருந்தார். மெத்தை பார்க்க ஒரு குடும்பமே வந்து நின்றது. மேடம் சாவியைக் கேட்டார். தலைவருக்குப் பழக்கதோஷம். ஆள் யார் என்று பார்ப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"அவசரமா?"

குடும்பம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மேடத்தின் காது மடல் சிவந்துபோனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சாவியை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனார். உள்ளே பஞ்சு மூட்டை, தாழ்ப்பாள் கிடையாது, காலால் கதவை உதைத்துப் பிடித்துக்கொண்டுதான் காரியத்தை முடிக்க வேண்டும். வெளியே வந்தவர் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"தினமும் இப்படித்தானா?" என்றார்.

"தினமும் எங்க மேடம்? அவர் கடை திறந்திருந்தா மட்டும்தான்."

விறுவிறுவென்று நடந்து ஹாலுக்கு வந்து, பிஸ்கட் தின்றுகொண்டிருந்த கூட்டத்தை உட்காரச் சொல்லிவிட்டு மைக்கை எடுத்தார். "கழிப்பறை முதல் கட்டத்திலேயே வரும். அது இல்லாம மத்த எதுக்கும் நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார். கவுன்சிலர் ஏதோ முணுமுணுத்தார். லேப்டாப் சார், "ஆனா மேடம், சராசரி என்ன சொல்லுதுன்னா..." என்று தொடங்கினார். "சராசரியை மூடி வைங்க சார்" என்றார் மேடம். இத்தனை நாள் நாங்கள் வாய் கிழியச் சொன்னது ஏறாத காதில், மெத்தைக்கடையின் ஒரு வார்த்தை ஏறிவிட்டது. கேட்பதற்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அறைய வேண்டும் போலவும் இருந்தது.

"யார் கடைப் பக்கத்துல வைக்கலாம்? ஒருத்தர் சம்மதிச்சாப் போதும்" என்றார்.

ஆளாளுக்குக் கூரையைப் பார்த்தார்கள், செருப்பைப் பார்த்தார்கள். மருந்துக்கடைக்காரி திடீரென்று போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். அது அடிக்கவே இல்லை. மேடம் திரையில் அட்டை மையத்தின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். "எல்லா வாசல்லயும் கும்பலா ஒட்டியிருக்கீங்க. அதெல்லாம் விருப்பமா கோவமான்னு எனக்கு இப்பத்தான் சந்தேகமா இருக்கு. இந்தத் தையல் கடைச் சுவர்ல மட்டும் ஒண்ணே ஒண்ணு இருக்கு. இதை ஒட்டினது யாரு?"

நான் சட்டென்று ஸ்டூடியோக்காரர் பக்கம் திரும்பினேன். "நான் இல்லீங்க டெய்லரம்மா, சத்தியமா நான் இல்லை" என்று அவர் எழுந்தார், குட்டைக் கால் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து.

என் பக்கத்தில் ஒரு கை மெதுவாக உயர்ந்தது. அக்காவின் கை.

"நீயா?" என்றேன். "உனக்காகத்தானே நான் தெருத்தெருவா நாயா அலைஞ்சேன்? உன் கடைப்பக்கத்துல ஒட்டிக்கிட்டா என்ன? நாலடி எடுத்து வெச்சாப் போயிட்டு வந்துடலாமே!"

"கக்கூஸ் பக்கத்துல எவன்டி டீ குடிப்பான்?" என்றாள் அக்கா.

"அதுக்கு என் தலையிலயா கட்டுவே? என்கிட்ட வர்றவங்களுக்கு மூக்கு இல்லையா?"

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, "வேற யார் வாசல்லடி நான் உரிமையா ஒட்ட முடியும்?" என்றாள்.

பாவி! கூட்டத்தின் நடுவில் வைத்து அப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். எனக்கு அவள் கன்னத்தில் ஒன்று விட வேண்டும் என்று கை துடித்தது, கண்ணிலிருந்து தண்ணீரும் கொட்டியது. மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தேன். "வைங்க மேடம். என் சுவத்தை ஒட்டியே வைங்க. நாத்தம் வந்தா நான் பாத்துக்கறேன். இங்க உக்காந்திருக்கிறவங்க மனசைவிட அது ஒண்ணும் அதிகமா நாறாது."

அதற்கும் கைதட்டினார்கள். அதுதான் இந்த ஊர்.

மையம் கட்டி முடிந்தது. வாசலில், 'மக்களால் வடிவமைக்கப்பட்டது' என்று பளிங்கில் பொறித்து வைத்தார்கள். மரம் என்று கேட்டதற்குத் தொட்டியில் ஏதோ குச்சி வந்தது. பெஞ்சுகள் இரும்பு. மத்தியான வெயிலில் உட்கார்ந்தால் சதை ஒட்டிக்கொள்ளும், அதனால் காக்கைகூட அதில் உட்காருவதில்லை. நீரூற்று திறப்பு விழா அன்று கவுன்சிலர் சட்டையை நனைத்துவிட்டு, அதோடு தன் கடமை முடிந்ததென்று நின்றுவிட்டது.

கழிப்பறை வந்தது. என் சுவரை ஒட்டி, டைல்ஸ், தண்ணீர்த் தொட்டி, உள்தாழ்ப்பாள் எல்லாம் வைத்து, ஒழுங்காகவே கட்டியிருந்தார்கள். அக்காவின் கடை சதுக்கத்துக்கு அந்தப் பக்கம். பரவாயில்லை, நடந்து வரட்டும் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் வெளியே கொண்டி அடித்து, அதில் ஒரு பூட்டு.

"சாவி எங்கே?" என்று விசாரித்தேன். பராமரிப்பு வியாபாரிகள் சங்கத்தின் பொறுப்பாம். சங்கம் என்றால் தலைவர். தலைவர் தன் புது மெத்தைக்கடையில், புதுக் கல்லாவுக்குப் பின்னால், புது ஆணி ஒன்று அடித்து அதில் சாவியை மாட்டியிருந்தார். மேடத்துக்குப் போன் போட்டேன். அவர் வேறோர் ஊருக்குப் பங்கேற்கப் போய்விட்டார். "அதை உள்ளூர் மக்களே பேசி முடிவு பண்ணணும். அதுதான் உண்மையான பங்கேற்பு" என்றார். முடியில் பஞ்சு ஒட்டியிருந்த காலம் மலையேறிவிட்டது.

அன்று மத்தியானம் என் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா டீக்கடையிலிருந்து இறங்கி மெத்தைக்கடை வாசலில் போய் நின்றாள். உள்ளே ஆட்கள் இருந்தார்கள். தலைவரின் வாய் அசைந்தது. என்ன கேட்டிருப்பார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? அக்கா சாவியை வாங்காமலே திரும்பி நடந்து தன் கடைக்கே போய்விட்டாள். போய், ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து, வாய் கொப்பளித்து, துப்பினாள்.

அந்தத் துப்பல் என் முகத்தில் விழுந்த மாதிரி இருந்தது. போதும்டா சாமி என்று எழுந்தேன். மெஷின் டிராயரில் ஊசி மாற்றுகிற ஸ்க்ரூ டிரைவர் கிடந்தது. பூட்டு என்னவோ பெரிய பூட்டுதான், யானையைக் கட்டலாம். ஆனால் கொண்டியை அடித்த புண்ணியவான் ஸ்க்ரூக்களை வெளிப்பக்கமே விட்டிருந்தான். ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கூட்டம் கூடியது. ஒருத்தரும் தடுக்கவும் இல்லை, ஒத்தாசைக்கு வரவும் இல்லை. நன்றாகப் பார்த்தார்கள். அதில் மட்டும் இந்த ஊரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

கொண்டியும் பூட்டுமாகக் கழற்றி எடுத்துக்கொண்டு மெத்தைக்கடைக்குப் போய், அவர் கல்லாமேல் வைத்தேன். "தலைவரே, உங்க பூட்டு பத்திரமா இருக்கு, சாவியும் உங்ககிட்டயே இருக்கு. உங்களுக்கு எது ஆசையோ அதுல மாட்டிக்குங்க" என்றேன். ஒரு மெத்தை வாங்க வந்த ஆள் களுக்கென்று சிரித்துவிட்டார். தலைவர் வாயைத் திறந்தார். "என்ன, அவசரமா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

நேராக டீக்கடைக்குப் போனேன். "ஒரு டீ போடு" என்றேன். அக்கா போட்டு நீட்டினாள். வாங்கி அவள் கையிலேயே திணித்தேன். "குடி."

"கடையில ஆளுங்க நிக்கறாங்கடி."

"நிக்கட்டும். குடி."

என்னைப் பார்த்தாள். சதுக்கத்துக்கு அந்தப் பக்கம் திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள். பிறகு குடித்தாள். ஊதி ஊதி, ஒவ்வொரு மிடறாக, டம்ளரைக் கவிழ்க்கிறவரைக்கும் குடித்தாள். இத்தனை வருஷம் டீக்கடை வைத்திருக்கிறவள், "சர்க்கரை கொஞ்சம் தூக்கலா இருக்கே, இதையா எல்லாரும் குடிக்கிறாங்க?" என்றாள். மேலே ஒரு செம்பு தண்ணீரும் குடித்தாள்.

நான் என் கடைக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அக்கா தன் கடையிலிருந்து இறங்கினாள். வீங்கிய காலோடு, பெஞ்சுகளைத் தாண்டி, காய்ந்த நீரூற்றைச் சுற்றி, அத்தனை கடைக்காரர்களும் பார்க்க, தலையைக் குனியாமல் நடந்து வந்தாள். உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் என் சுவர் வழியாகக் கேட்டது. நான் மிதித்துக்கொண்டிருந்த காலை நிறுத்திவிட்டேன்.

வெளியே வந்தாள். முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு என் வாசலில் நின்றாள். அடேயப்பா, என்ன சொல்லப்போகிறாளோ என்று நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தேன். மூச்சு வாங்கியபடி தன் டீக்கடையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏண்டி, இம்புட்டுத் தூரத்துல கொண்டுவந்து வெச்சிருக்காங்களே," என்றாள், "யாரைக் கேட்டு வெச்சாங்க?"